ஹைதரின் தோட்டமும் கவலை மாடுகளும்

விவேக் நகரிலிருந்து மேற்கே நாலு கிலோமீட்டருக்குள் லால்பாக் இருக்கிறது. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு நம் தெருக்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறோம். கண்ணாடி மாளிகையைச் சுற்றிவந்து, பாறையில் ஏறி, ஏரிக்கரையில் கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போது, இந்த இடம் ஊருக்கு வெளியே கிராமத்து நிலங்களுக்கு நடுவில் ஒரு ஜாகீர்தார் போட்ட தோட்டம் என்பது நினைவில் எழுவதில்லை.

1750களின் இறுதியில் பெங்களூர் ஹைதர் அலிக்கு ஜாகீராகக் கிடைத்தது. கோட்டைக்கும் பேட்டைக்கும் அப்பால் 1760இல் அவர் தோட்டம் போடத் தொடங்கினார். பரப்பு சுமார் 40 ஏக்கர். சீராவில் இருந்த முகலாயத் தோட்டமே அவருக்கு முன்மாதிரி. தில்லி, முல்தான், லாகூர் என்று தொலைதூரத்திலிருந்து செடிகள் வந்தன; நம் ஆற்காட்டிலிருந்தும் வந்தன. மகன் திப்பு, கடல் கடந்த நாடுகளிலிருந்தும் விதைகளைத் தருவித்தார்.

அந்தத் தோட்டம் எப்படி இருந்தது? திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். பயிர், மண், கூலி, சாதி என்று எதையும் விடாமல் குறித்துவைத்தவர் அவர். தோட்டம் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்கிறார். நடைபாதைகளின் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள். ஒரு சதுரம் முழுக்க ரோஜா, இன்னொன்று முழுக்க மாதுளை. ஆப்பிளும் பீச்சும் காய்த்தன. நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்த ஓக் கன்றுகள் வேர்பிடித்திருந்தன. அழகுக்குப் போட்ட தோட்டந்தான். ஆனாலும் பழமும் கீரையும் விளைந்த தோட்டம்.

இதன் பெரிய குறை தண்ணீர் என்றும் அவர் எழுதினார். அவருடைய பயணக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். திப்பு போட்ட பகுதிக்குக் கிணற்று நீர். தோல் சாலை வடத்தில் கட்டி, உருளையில் ஓட்டி, சரிவில் இறங்கும் இரண்டு மாடுகள் இழுத்தன. நாம் கவலை என்றும் கமலை என்றும் சொல்வதேதான் அது. ஏற்றத்தைவிட இதில் வேலை நன்றாக நடக்கிறது என்று அங்கிருந்த வேலையாட்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எவருடைய பெயரும் பதிவாகவில்லை. ஆனால் அரசர்களின் தோட்டத்தைப் பற்றிய குறிப்பில் நீர் இறைத்தவர்களின் கருத்து ஒரு வரியாவது நின்றுவிட்டது. லால்பாக்கின் வரலாற்றை அந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

பெங்களூரில் தோட்டத் தொழில் என்றாலே திகளர்கள். தமிழ்நாட்டு வேர் கொண்ட சமூகம், வன்னிகுலத்தார். ஹைதர் இவர்களைத் தோட்ட வேலைக்கு அழைத்து வந்தார் என்று ஒரு மரபு உண்டு. அதற்கு முன்பே இங்கு இருந்தவர்கள் என்றும் ஒரு மரபு உண்டு. எப்படியானாலும் இந்த ஊரின் பூவும் காய்கறியும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கைப்பட வளர்ந்தவை.

திப்புவுக்குப் பிறகு தோட்டம் பல கைகள் மாறி, 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமானது. லண்டன் கியூ தோட்டத்தில் பயின்றவர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அவர்களில் 1874இல் வந்த ஜான் கேமரூன் முக்கியமானவர். அவர் காலத்தில் பரப்பு பெருகியது. 1889இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாம் கூட்டுக்கு நறுக்கும் சௌசௌவை இங்கே பரப்பியவரும் அவரே என்பார்கள். பெங்களூர் கத்தரிக்காய் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது வெறும் தற்செயல் இல்லை. 1908இல் வந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு தெருவில் பூ உதிர்ந்தால் அடுத்த தெருவில் பூக்கும்படி மரங்களைத் தேர்ந்து நகரமெங்கும் நட வழிகாட்டினார். 1932இல் ஓய்வுபெற்ற பிறகும் ஊர் திரும்பாமல், 1956இல் பெங்களூரிலேயே காலமானார். ஹைதரின் 40 ஏக்கர் இன்று சுமார் 240 ஏக்கர். கெம்பே கவுடர் கோபுரம் நிற்கும் பாறைக்கு ஏறத்தாழ 300 கோடி வயது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் அது.

தோட்டத் தொழிலில் தலைமுறைகளாக உழைத்த அந்தத் திகளர்களுக்கு ஒரு திருவிழா உண்டு. சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. சுமப்பவர் திகளர். மல்லிகையால் மூடிய கரகத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் தாங்கி நடக்கிறார். வீரகுமாரர்கள் வாளேந்திச் சூழ்ந்து வருகிறார்கள். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நிற்கிறது. கரகத்தில் வணங்கப்படுபவள், நம் ஊர்ப்பக்கம் தீமிதி நடக்கும் அதே திரௌபதி அம்மன்.