திரையிலே கண்ட ஆதிமனிதன் கை

மனிதன் எழுதப் பழகுமுன் வரையப் பழகினான். ஏடும் எழுத்தாணியும் தோன்றுதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே மலைக்குகைச் சுவர்கள் அவனுக்கு ஏடாயின. அவ்வேட்டை அழியாமற் படிப்பது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பிரான்சு தேசத்து லாஸ்கோ குகை 1940 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டு, 1948 இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். விளைவு யாது? பார்க்க வந்தோர் விட்ட மூச்சே சித்திரங்களுக்கு நஞ்சாயிற்று. சுவர்களிற் பசும்பாசி படர்ந்தது. 1963 இல் குகையை மூட நேர்ந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் இருளிற் பிழைத்திருந்த ஓவியங்கள் பதினைந்தே ஆண்டுகளில் நலிந்தன.

இப்பாடம் வீண்போகவில்லை. 1994 டிசெம்பர் 18 ஆம் நாள் அதே தேசத்தின் அர்தேஷ் பகுதியில் மூவர் ஷோவே குகையைக் கண்டனர். அங்குள்ள ஓவியங்களுள் மிகப் பழையவை ஏறக்குறைய 36,000 ஆண்டு பழமையுடையன. பாறை சரிந்து வாயில் அடைபட்டமையால் அவை புதுமை குன்றாதிருந்தன. பொதுமக்கள் அதனுள் அனுமதிக்கப்படவேயில்லை.

ஆயின் உலகம் அவற்றைக் காண்பது எவ்வாறு? 2010 இல் ஜேர்மனிய இயக்குநர் வேர்ணர் ஹேர்சொக் அங்கே ஓர் ஆவணப்படம் எடுத்தார். மிகச் சிலரே உள்ளே சென்றனர். வெப்பம் வீசாத விளக்குகளே பயன்பட்டன. இரும்பு நடைபாதையை விட்டு ஓரடியும் விலகுதற்கில்லை. ஆதி ஓவியன் பாறையின் மேடுபள்ளங்களையே விலங்கின் தோளாகவும் விலாவாகவும் அமைத்துக்கொண்டானாதலின், படம் முப்பரிமாண முறையில் எடுக்கப்பட்டது. சிங்கங்களும் காண்டாமிருகங்களும் குதிரைகளும் திரையிலே உயிர்பெறுகின்றன. ஓர் எருதுக்கு எட்டுக் கால்கள்! பந்த ஒளி அசையும்போது அது ஓடுவதாகத் தோன்றியிருக்கும். சலனப்படக் கலைக்கு இதனை ஒரு தொடக்கம் எனலாம் அன்றோ? வேறோரிடத்திற் செம்மண் தோய்த்துப் பதித்த உள்ளங்கைச் சுவடுகள். அவற்றிற் சிறுவிரல் வளைந்துள்ளது. பெயரறியா ஒருவனை அவ்விரலால் நாம் அடையாளங் காண்கின்றோம்.

இனி நம் நாட்டை நோக்குவோம். இலங்கைக் குகைகள் சிலவற்றில் வேடர் வரைந்த சித்திரங்கள் உள்ளன. 1911 இல் வெளிவந்த தமது நூலிற் செலிக்மன் தம்பதியர் அவற்றைப் பதிவுசெய்தனர். நமது மாவட்டத்திலும் மூதூர், வெருகல் பகுதிகளிற் கரையோர வேடர் வழிவந்தோர் தமிழ் பேசி வாழ்கின்றனர். அவர்தம் முதியோர் நினைவில் உள்ள பாட்டும் வழிபாடும் காட்டறிவும் எச்சுவரிலும் எழுதப்படவில்லை. அவர்கள் மறையின் அவையும் மறையும். அக்குகையைப் போல அடைத்துக் காத்தற்கும் இயலாது.

இளைஞர்காள்! இன்று உங்கள் கைப்பேசியே படக்கருவி. பெரியோரிடம் பணிந்து சென்று, அவர்தம் இசைவு பெற்று, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். பெரியோர்களே, வழிகாட்டுங்கள். பழஞ்சித்திரம் உள்ள பாறையைக் காணின் தொடாதீர். உங்கள் பெயரை அதிற் கீறாதீர். கண்டு, படம்பிடித்து, வரும் தலைமுறைக்கு விட்டுவருவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.