நிரலிலிருந்து திட்டத்துக்கு
கல்முனைக் கரையோர வயல்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு வேலையைத் தொடங்குமுன் அதன் கூறுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்தல் எழுத்தறிந்த சமுதாயங்கள் பலவற்றுக்கும் பொதுவான வழக்கமாகும். அவ்வாறு எழுதப்பட்ட நிரல் எழுதியவனின் கையிலேயே இருக்கும்வரை அதற்கு வேறு வடிவம் தேவைப்படுவதில்லை. அது பிறர் கைக்குச் செல்லும்போதே சிக்கல் தோன்றுகின்றது. ஊராருக்கு அது அறிவித்தலாகவும், அதிகாரிக்கு அறிக்கையாகவும், பொறியியலாளருக்குக் கால அட்டவணையாகவும் மாறவேண்டியுள்ளது. வெறும் எழுத்தாலான நிரலொன்றை இவ்வாறு வேலைத்திட்டமாகவும் பிற ஆவணங்களாகவும் மாற்றுவதைக் கணினித் துறையினர் ‘ஏற்றுமதி’ என வழங்குவர். நெல்லேற்றிய வண்டிகளைக் கண்ட கரையோரத்தவருக்கு இச்சொல் சற்றே விந்தையாகத் தோன்றலாம். ஏனெனில் அனுப்பிய பின்னும் களஞ்சியத்தில் ஒரு மணியேனும் குறையாத ஏற்றுமதி இது. ஆயினும் போய்ச்சேருமிடத்தில் சில குறைவதுண்டு. எவை குறைகின்றன என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

இவ்வினாவுக்குக் கணினியிலிருந்து தொடங்குவதைவிட வயலிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் கடலோரமாக ஒடுங்கிய நிலப்பரப்பில் நெருங்கி அமைந்தவை. இவ்வூர்களின் முஸ்லிம்களும் அயலூர்த் தமிழரும் பயிர்செய்யும் வயல்கள் மேற்கே, சம்மாந்துறை வரையிலும் அதற்கப்பாலும் பரந்துள்ளன. இங்கு நெற்செய்கை தனியொருவனின் செயலாக என்றும் இருந்ததில்லை. போடியார், முல்லைக்காரர், வட்டை விதானை என்னும் பெயர்களே வேலையும் பொறுப்பும் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தமைக்குச் சான்றாகும். ஒருவர் வாய்க்காலைத் துப்புரவாக்காவிடின் அடுத்தவருக்கு நீர் இல்லை. ஒருவர் பிந்தி விதைப்பாராயின் அவர் பொருட்டு மற்றையோரின் அறுவடைக் காலத்திலும் நீர் ஓடவேண்டும். இத்தகைய பழவழக்கங்களை மீண்டும் நடைமுறைப்படுத்துவதற்கென்றே 1856ஆம் ஆண்டில், தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், நெற்செய்கைக் கட்டளைச் சட்டமொன்று இயற்றப்பட்டது. வாய்மொழியாக இருந்த ஒழுங்கு எழுத்துக்கு வந்த நெடும்பயணத்தில் இஃது ஒரு முக்கிய கட்டமெனலாம்.

1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இவ்வொழுங்குக்கு மேலும் திட்டமான உருவத்தை அளித்தது. போகம் தொடங்குமுன் அரசாங்க அதிபர் விவசாயிகளைக் கூட்டித் தீர்மானங்களை நிறைவேற்றும் பயிர்ச்செய்கைக் கூட்டம் அதன்வழி நிலைபெற்றது. அத்தகைய கூட்டத்தில் உருவாகும் நிரல் மிக எளிமையானது. சிறுபோகமாயின், வாய்க்கால் துப்புரவு முடியவேண்டிய நாள், நீர் திறக்கும் நாள், வேலியடைத்து முடிக்கும் நாள், மாடுகளை வயற்புறத்திலிருந்து அகற்றும் நாள், விதைப்பின் இறுதி நாள், விதைக்கத்தக்க நெல்லின் வயது, நீரை நிறுத்தும் நாள் என்றவாறு சில வரிகளுள் அது அடங்கிவிடும். அதில் படமில்லை, கட்டமில்லை, அம்புக்குறியில்லை. இருந்தும் ஒரு போகம் முழுவதும் அச்சில வரிகளில் தங்கியிருக்கின்றது.

அவ்வரிகள் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. வாய்க்கால் துப்புரவாகும்வரை நீர் திறத்தல் காத்திருக்கவேண்டும். நீர் வரும்வரை சேற்றுழவு காத்திருக்கவேண்டும். வேலியடைப்போ இவ்விரண்டுக்கும் காத்திருப்பதன்று. எனினும் விதைப்புக்குமுன் அது முடிந்தாக வேண்டும். எது எதற்காகக் காத்திருக்கின்றது என்பது தாளில் இல்லை. தாளை வாசிப்பவர் மனத்தில் இருந்தது. கூட்டத்தில் இருந்தோர் அனைவரும் அதனை அறிந்திருந்தமையால் எழுதவேண்டிய தேவை எழவில்லை.

இந்நிலையை மாற்றியது கல்லோயாத் திட்டமாகும். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டதும், இங்கினியாகலையில் அணை எழுந்து சேனாநாயக்க சமுத்திரம் தோன்றியதும் பலரும் அறிந்த வரலாறு. கரையோரத்தின் பழைய வயல்கள் ஒரு பெரும் வாய்க்கால் வலையின் கடைக்கோடியாயின. நீரைத் திறப்பவரும் நீரைப் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதவராயினர், மொழியும் வேறாயிற்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வட்டை விதானைப் பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இதனால் நிரலை மனத்தில் விரித்து வாசிக்கத் தெரிந்த ஆளும் சட்டப்படி இல்லாமற்போனார். (அப்பதவியில் இருந்தோர் யாவரும் நடுநிலையாளர் என்பதன்று, அஃது ஒழிக்கப்பட்டதற்கும் காரணங்கள் இருந்தன.) தலைவாய்க்காலில் நீர் மிகுதியாகவும் கடைவாய்க்காலில் பற்றாக்குறையாகவும் இருந்த நிலை நெடுங்காலம் நீடித்தது. 1980களின் முற்பகுதியில் இடதுகரைப் புனரமைப்பு நடைபெற்றபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக ஊர்களில் தங்கச்செய்து விவசாயிகளைக் குழுக்களாக ஒன்றுசேர்த்தன. எந்த வாய்க்காலில் எது பழுதென்று விவசாயிகள் சொன்னவை பொறியியலாளரின் வரைபடத்துக்கு வழிகாட்டின. ஊராரின் நிரல் திட்டமாக மாறிய நேரடி நிகழ்ச்சி இதுவே. அம்மாற்றத்தைச் செய்தது பொறியன்று; இடையில் நின்ற மனிதர்.

இதே காத்திருப்பைத் தாளில் காட்டும் முயற்சி மேற்குலகில் தொழிற்சாலைகளிலிருந்து பிறந்தது. அமெரிக்கரான ஹென்றி கான்ற் முதலாம் உலகப்போர்க் காலத்தில் வேலைகளைக் கிடைக்கோட்டுப் பட்டைகளாகக் காட்டும் வரைபடத்தைப் பரப்பினார். அதில் காலம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. 1950களின் இறுதியில் டூபொண்ட் நிறுவனத்தில் உருவான முக்கியப் பாதை முறையும், அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கென உருவான பேர்ட் முறையும் வேலைகளை அம்புகளாற் பிணைத்தன. காத்திருத்தல் அப்போதுதான் எழுதத்தக்க ஒரு செய்தியாயிற்று.

நிரலின் பக்கத்திலிருந்து வந்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அவர் நடத்திய செய்முறை விளக்கம் கணினி வரலாற்றில் புகழ்பெற்றது. அன்று அவர் திரையில் எடுத்துக்கொண்டது கடைக்குச் சென்று வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியலேயாகும்! அப்பட்டியலை வகைப்படுத்தி, உட்பிரிவுகளை மடித்தும் விரித்தும் காட்டி, இறுதியில் வீடு திரும்பும் வழியிலுள்ள இடங்களைக் குறிக்கும் படமாகவும் அதனைக் காட்டினார். உள்ளடக்கம் ஒன்று, தோற்றங்கள் பல என்னும் கொள்கை அன்று பலர் கண்முன்னே நிறுவப்பட்டது.

அதன்பின் வந்த நிரல்மென்பொருட்கள் பலவாயினும் இங்கு ஒன்றையே விரித்துநோக்குதல் போதும். அம்ஸ்ரடாமில் பணியாற்றிய வானியலாளர் கார்ஸ்ரன் டொமினிக் 2003இல் உருவாக்கிய ஓர்க்-மோட் என்பது ஈமாக்ஸ் என்னும் எழுத்துத்தொகுப்பியின் உள்ளே இயங்குவது. அதன் கோப்பில் வெறும் எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வரியின் தொடக்கத்தில் ஓர் உடுக்குறி இருப்பின் தலைப்பு. இரண்டு இருப்பின் உபதலைப்பு. மூன்று இருப்பின் அதனினும் உட்பட்டது. இக்கோப்பிலிருந்து வலைப்பக்கம், அச்சுநூல், அலுவலக ஆவணம், நாட்காட்டி ஆகியவற்றை உருவாக்கலாம். 2006இல் மெய்யியற் பேராசிரியரான ஜோன் மக்ஃபார்லேன் வெளியிட்ட பாண்டொக் என்னும் மென்பொருள் பல்வேறு எழுத்துவடிவங்களுக்கிடையே இவ்வாறான மாற்றத்தைச் செய்கின்றது. இவையெல்லாம் ஒப்பீட்டளவில் இலகுவானவை. தலைப்பு தலைப்பாகவே செல்கின்றது. பந்தி பந்தியாகவே செல்கின்றது.

திட்டமாக மாற்றுவதுதான் கடினமானது. ராஸ்க்ஜக்லர் என்னும் திட்டமிடல் மென்பொருளுக்கு ஓர்க் கோப்பை அனுப்பும் வசதி 2010 அளவில் சேர்க்கப்பட்டது. அதில் ஒவ்வொரு தலைப்பும் ஒரு வேலையாக மாறும்; உபதலைப்பு அவ்வேலையின் உட்பகுதியாகும். உழைப்பின் அளவும் செய்வோர் பெயரும் தலைப்பின்கீழ்த் தனிக்குறிப்புகளாக எழுதப்படவேண்டும். ‘வரிசைப்படி’ என்னும் குறிப்பைத் தாய்த்தலைப்பின்கீழ் இட்டால் அதன் உட்பகுதிகள் ஒவ்வொன்றும் தமக்கு முந்தியதற்காகக் காத்திருக்கும்.

மேலே கூறிய சிறுபோக நிரலை இம்முறையில் இட்டுப்பார்ப்பின் உண்மை விளங்கும். ‘வரிசைப்படி’ என்று குறித்துவிட்டால், நீர் திறக்கும்வரை வேலியடைப்பு தொடங்காது என மென்பொருள் கணித்துவிடும். நீர் திறந்தபின்னும் வேலி முடியும்வரை சேற்றுழவு தொடங்காதென்றும் கணிக்கும். எந்த முல்லைக்காரரும் அதனைக் கண்டு நகைப்பார். குறிக்காது விட்டாலோ, எல்லா வேலைகளும் முதல்நாளிலேயே தொடங்கிவிடும். ஆகவே இன்னது இன்னதற்காகக் காத்திருக்கின்றது என ஒவ்வொன்றாக எழுதித்தான் ஆகவேண்டும். நிரல் அறிவது உட்படுதலை மட்டுமே. திட்டம் கேட்பது காத்திருத்தலை. முன்னதிலிருந்து பின்னதை எந்த மாற்றியும் தானாக வருவிக்க இயலாது. அஃது அறிந்தவர் வாயிலிருந்து வரவேண்டும். கல்லோயாவின் அமைப்பாளர்கள் வயல்வரம்பில் நின்று கேட்டறிந்தது இதனையே.

தமிழில் இம்முயற்சிக்கு வேறொரு தடையும் இருந்தது. ‘வெறும் எழுத்து’ என்று ஆங்கிலத்தார் எளிதிற் சொல்லும் பொருள் நமக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. இலங்கையில் பரவலாக வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் குறியீட்டுக்கே தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தென்படும். அந்நிலையில் நிரலை எங்கும் அனுப்ப இயலாது. அச்சிட்ட தாளையே அனுப்பவேண்டும். 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதாயினும், அலுவலகங்களும் அச்சகங்களும் அதற்கு மாறுவதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரையிலான கடலோரத்தில் வீடுகளோடு உறுதிகளும் பதிவேடுகளும் அழிந்தன. காணாமற்போனோர், முகாமிலிருப்போர், வேண்டிய பொருட்கள் எனப் பட்டியல்களே அந்நாட்களின் ஆவணங்களாயின. இத்தகைய பட்டியல்களை ஒழுங்குபடுத்துவதற்காகவே இலங்கைக் கணினி வல்லுநர்கள் சில வாரங்களுள் ‘சஹானா’ என்னும் மென்பொருளை உருவாக்கினர். அது பின்னர் பிறநாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. நம் நாட்டில் பிறந்து உலகுக்குச் சென்ற நற்பொருட்களுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

மீள்கட்டுமானமோ பட்டியல்களிலிருந்து திட்டங்களுக்குச் சென்றது. அக்கரைப்பற்றுப் பகுதியில் நுரைச்சோலை என்னுமிடத்தில், ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்கென சவூதி அரேபியாவின் நிதியுதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. திட்டமிடல் மொழியில் நோக்கின் அங்கு ஒவ்வொரு வேலையும் முந்தியதற்காகக் காத்திருந்து நிறைவெய்தியது. ஆனால் அவ்வீடுகள் யாருக்கு என்னும் பட்டியல் வழக்குக்கு உள்ளாயிற்று. 2009இல் உயர் நீதிமன்றம் பங்கீட்டு முறையை மாற்றுமாறு பணித்தது. வீடுகள் பல ஆண்டுகள் ஆளின்றிப் பற்றைக்காடு சூழக் கிடந்தன. வேலையைச் செய்வோர் பெயரை எழுதுவதற்குத் திட்டக்கோப்பில் இடமுண்டு. வேலை முடிந்தபின் அங்கு குடியிருக்கப்போவோர் பெயரை எழுத, கான்ற் வரைபடத்திலோ அதன் வழிவந்த மென்பொருட்களிலோ எவரும் ஒரு நிரை ஒதுக்கவில்லை. பழைய பயிர்ச்செய்கைக் கூட்டத்திலோ அப்பெயர்க்குரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர்.