பட்டமும் பதவியும்: மெய்ஜி யப்பானின் முதற் பொறியியற் பட்டதாரிகள்

பொறியியற் பீடத்தில் இறுதியாண்டிற் பயிலும் நண்பர் ஒருவர், வேலைக்கான நேர்முகத் தேர்வொன்றிலிருந்து திரும்பிய அன்று, “நான்கு ஆண்டு படித்ததில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை, இதுவரை என்ன செய்திருக்கிறாய் என்றே கேட்டார்கள்” எனக் குறைப்பட்டுக்கொண்டார். வரலாற்றைப் பாடமாகக் கொண்ட கலைப்பீட மாணவியாகிய எனக்கு அக்குறை புதிதாகத் தோன்றவில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், பொறியியற் பட்டம் என்றொன்று இருந்தறியாத ஒரு நாட்டில், இதே வினாவை முன்னிறுத்தியே ஒரு கல்லூரி அமைக்கப்பட்டது. கற்றவனுக்குப் பதவி கிடைக்குமா என்ற ஐயத்துக்கு அங்கு இடமிருக்கவில்லை. பதவியை முதலில் வைத்து அதற்கேற்பவே கல்வி வகுக்கப்பட்டது. அந்த ஏற்பாடு எவ்வாறு அமைந்தது, எவ்விடத்தில் அது பிசகியது என்பனவற்றை இக்கட்டுரை நோக்குகின்றது.

1863 ஆம் ஆண்டில் சோஷு என்னும் சிற்றரசைச் சேர்ந்த ஐந்து இளைஞர் இரகசியமாகக் கப்பலேறி இங்கிலாந்து சென்றனர். யப்பானியர் நாட்டைவிட்டு வெளியேறுதல் அக்காலத்தில் மரண தண்டனைக்குரிய குற்றமாகும். அவ்வைவருள் ஒருவரான இத்தோ ஹிரோபுமி பின்னர் யப்பானின் முதற் பிரதமரானமை பலரும் அறிந்ததே. நமது விடயத்துக்கு முக்கியமானவர் யமாவோ யோசோ என்பவர். இவர் கிளாஸ்கோ நகருக்குச் சென்று, பகலிற் கப்பல்கட்டும் தளமொன்றில் வேலை பழகினார். மாலையில் அண்டர்சன் கல்லூரியின் வகுப்புகளிற் பயின்றார். 1868 இல் அவர் தாயகம் திரும்பியபோது பழைய ஆட்சி வீழ்ந்து மெய்ஜி அரசு தோன்றியிருந்தது.

1870 இல் அவ்வரசு பொதுவேலை அமைச்சொன்றை நிறுவிற்று. புகையிரதப் பாதை, தந்தி, சுரங்கம், வெளிச்சவீடு, கப்பற்றளம் ஆகிய யாவும் இதன் பொறுப்பில் வந்தன. பொறுப்பு அமைச்சினுடையது, வேலை தெரிந்தவரோ அனைவரும் அந்நியர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட வேதனத்தை அறிந்தால் அரசின் அவசரம் விளங்கும். பேரமைச்சராயிருந்த சஞ்சோ சனெத்தோமியின் மாத வேதனம் 800 யென். புகையிரதப் பகுதியை நிருவகித்த ஆங்கிலேயரான கார்கில் பெற்றதோ 2,000 யென். இந்நிலை நெடுங்காலம் நீடிக்க முடியாதென்பதை யமாவோ உணர்ந்தார். தொழில்களே இல்லாத நாட்டிற் பொறியியலாளரைப் பயிற்றுவித்து என்ன பயன் எனச் சிலர் வினவியபோது, தொழில்கள் இன்று இல்லையாயினும் பயிற்றப்பட்டோர் இருப்பின் அவர்களே அவற்றைத் தோற்றுவிப்பர் என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார் என்பர். இவ்விடையின் முழுப் பொருளும் இருபது ஆண்டுகளின் பின்னரே புலனாயிற்று.

1873 இல் இக்கல்லூரியின் முதல்வராக வந்து சேர்ந்தவர் ஹென்றி டயர் என்னும் ஸ்கொத்லாந்தியர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது நிரம்பவில்லை. தொழிற்சாலையொன்றிற் பயிலுநராக இருந்து, யமாவோ பயின்ற அதே அண்டர்சன் கல்லூரியில் மாலை வகுப்புகளிற் கற்று, பின்னர் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் ரான்கினிடம் பயின்றவர் அவர். அக்காலப் பிரித்தானியாவில் ஒருவன் பொறியியலாளனாவது பெரும்பாலும் பயிலுநர் முறையினாலேயே. வகுப்பறைக்கு அங்கு மதிப்புக் குறைவு. பிரான்சிலும் ஜேர்மனியிலும் கணிதமும் கோட்பாடும் முதலிடம் பெற்றன. பிரித்தானியன் கைவேலை அறிந்தவன், காரணம் அறியாதவன். ஐரோப்பியன் காரணம் அறிந்தவன், பட்டறையை அறியாதவன் என்பதே டயரின் மதிப்பீடு எனச் சுருங்கக் கூறலாம். இது சற்று மிகைப்படுத்திய கூற்றேயாயினும், இரண்டையும் இணைக்கும் பாடத்திட்டம் ஒன்றை வகுக்க அவருக்கு இது போதுமாயிருந்தது. தம் சொந்த நாட்டில் எவரும் அவருக்கு அனுமதிக்காத ஒரு சோதனையைத் தோக்கியோவில் அவர் செய்து பார்த்தார்.

பாடத்திட்டம் ஆறாண்டுகளைக் கொண்டது. முதலிரண்டாண்டுகளும் பொதுக் கல்வி. அடுத்த இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு ஆறு மாதம் கல்லூரியிலும் ஆறு மாதம் வேலைத்தலத்திலும் கழியும். இறுதி இரண்டாண்டுகளும் முழுமையாக வேலைத்தலத்திலேயே. குடிசார் பொறியியல், இயந்திரப் பொறியியல், தந்தி, கட்டடக்கலை, இரசாயனம், சுரங்கவியல் முதலிய துறைகள் இருந்தன. போதனாமொழி ஆங்கிலம். தந்தித் துறையில் வில்லியம் அயர்ட்டன், சுரங்கவியலில் ஜோன் மில்ன், கட்டடக்கலையில் யோசையா கொண்டர் என, பின்னர் தத்தம் துறைகளிற் புகழ்பெற்ற இளம் ஆசிரியர் பலர் ஒருங்கே பணியாற்றினர். 1877 இல் இது கோபு தைகாக்கோ, அதாவது பொதுவேலைக் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

இங்கு ஒரு சமூகச் செய்தியையும் கருதுதல் வேண்டும். மாணவரிற் பெரும்பாலோர் சாமுராய்க் குடும்பத்தினர். 1871 இற் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன. 1876 இற் சாமுராய்களின் பரம்பரை மானியம் கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டது. வாளேந்திய குலத்தின் பிள்ளைகளுக்குக் கல்வியன்றி வேறு முதல் இருக்கவில்லை. ஆயினும் கையால் உழைத்தல் அவர்களது பெருமைக்கு ஒவ்வாதது. அமைச்சுக்குரிய அக்கபனே இயந்திரப் பட்டறைக்கு அவர்கள் அனுப்பப்பட்டபோது, அராவும் சுத்தியலும் பிடிக்கக் கற்றது கல்வியின் ஒரு பாதி. அதனை இழிவென எண்ணாதிருக்கக் கற்றது மறு பாதி. படித்தவன் கையில் அழுக்குப்படலாகாது என்ற எண்ணம் நம்மவரிடையேயும் எளிதில் ஒழிந்துவிட்டதாகக் கூற முடியாது.

அரசின் செலவிற் பயின்றோர்க்கு உணவு, உறைவிடம் முதலியவற்றை அரசே அளித்தது. அதற்கு ஈடாகப் பட்டம் பெற்றபின் ஏழாண்டுகள் அமைச்சிற் சேவை செய்தல் வேண்டும். வேலை தேடும் இன்றைய பட்டதாரிக்கு இது வரமாகத் தோன்றக்கூடும். ஆனால் எந்த வேலை, எந்த ஊர், எந்த மேலதிகாரி என்பவற்றைத் தெரிவுசெய்யும் உரிமை அதில் இல்லை. படிப்பாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், பதினாறு அல்லது பதினேழு வயதிற் புகுந்த ஒருவன் ஏறத்தாழ முப்பது வயதுவரை அரசுக்குக் கட்டுப்பட்டவன்.

1879 இல் முதல் அணியினர் 23 பேர் பட்டம் பெற்றனர். அவர்கள் உடனே தமக்குள் ஒரு பொறியியற் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். அடுத்த ஆண்டில் அவர்களுள் 11 பேர் மேற்படிப்புக்காகப் பிரித்தானியா அனுப்பப்பட்டனர். தந்தித் துறையின் சிதா ரின்சபுரோ கிளாஸ்கோவிற் கெல்வினிடம் பயின்று திரும்பித் தாம் கற்ற கல்லூரியிலேயே பேராசிரியரானார். கட்டடக்கலையின் தத்சுனோ கிங்கோ இலண்டனிற் பயின்று 1883 இல் திரும்பி, 1884 இல் தம் ஆசிரியரான கொண்டரின் ஆசனத்தையே ஏற்றார். மாணவன் ஆசிரியரின் இடத்தை நிரப்புதலே திட்டத்தின் நோக்கம். அதுவும் அந்நியர் பெற்ற வேதனத்தின் சிறு பகுதிக்கு. தம் பணி முடியுமாறு பணி செய்வதே அந்நியப் பேராசிரியர்களின் கடமையாயிருந்தது. டயரும் 1882 இல் நாடு திரும்பினார்.

இதே காலத்திற் பிரித்தானியப் பேரரசு வேறொரு வழியை மேற்கொண்டது. இந்தியப் பொதுவேலைத் திணைக்களத்துக்கு வேண்டிய பொறியியலாளரைப் பயிற்ற இலண்டனுக்கு அண்மையிற் கூப்பர்ஸ் ஹில்லில் ஒரு கல்லூரி 1870 களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டு 1906 வரை நடைபெற்றது. அங்கும் பட்டத்துக்குப் பின் பதவி நிச்சயம். ஆனால் கற்றோர் பெரும்பாலும் ஆங்கிலேயர், பணியிடமோ இந்தியா. நமது தீவிற் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரி 1893 இலேயே தோன்றிற்று. பல்கலைக்கழகத்தில் ஒரு பொறியியற் பீடம் காண 1950 வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்கொத்லாந்தியர் யப்பானியருக்குத் தோக்கியோவிற் கற்பித்ததும், ஆங்கிலேயர் தம்மவருக்கு இங்கிலாந்திற் கற்பித்ததும் ஒரே தசாப்தத்து நிகழ்ச்சிகள். சுதந்திர நாட்டுக்கும் குடியேற்ற நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இனி, ஏற்பாடு பிசகிய இடத்துக்கு வருவோம். பட்டதாரிகளுக்கென அமைச்சு இருந்தது. அமைச்சின் கையிற் பணம் இருக்கவில்லை. 1880 முதல் அரசு தன் தொழிற்சாலைகளைத் தனியாருக்கு விற்க முற்பட்டது. நாகசாக்கிக் கப்பற்றளம் மித்சுபிசியின் கைக்கு மாறியதும் இவ்வாறே. 1885 இறுதியில் அமைச்சே கலைக்கப்பட்டது. அதற்குள் 211 பேர் பட்டம் பெற்றிருந்தனர். கொண்டரின் ஆசனத்தில் அமர்ந்த தத்சுனோவும் பதவியிழந்தார்; 1886 இற் சொந்தமாக அலுவலகமொன்றைத் திறந்தார். அவ்வாண்டிலேயே கல்லூரி தோக்கியோப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுப் பேரரசுப் பல்கலைக்கழகம் உருவாக, அங்கு மீண்டும் பேராசிரியரானார். தோக்கியோவின் மத்திய புகையிரத நிலையம் அவர் அமைத்தது. இரசாயனத் துறையின் தக்கமினே ஜோகிச்சி பொதுவேலை அமைச்சுக்கே திரும்பவில்லை. விவசாய வர்த்தக அமைச்சிற் சேர்ந்து, பின்னர் செயற்கை உரக் கம்பனியொன்றை நிறுவ உதவி, 1890 இல் ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறினார். அதிரினலினைப் பிரித்தெடுத்த புகழ் அவருடையது. பிணைப்பத்திரம் எழுதிய அரசே அதனை நிறைவேற்ற இயலாத நிலையை அடைந்தபோதுதான், யமாவோ கூறிய விடை சோதனைக்குள்ளாயிற்று.

அச்சோதனையில் மிகச் சிறப்பாகத் தேறியவர் தனபே சக்குரோ என்பது என் துணிபு. 1861 இற் பிறந்த இவர் 1877 இற் கல்லூரியிற் புகுந்தார். இறுதி இரண்டாண்டுச் செய்முறைப் பயிற்சி தொடங்கிய 1881 இல், பட்ட ஆய்வுக்கென அவர் தெரிந்துகொண்ட பொருள் பிவா ஏரியின் நீரைக் கியோத்தோ நகருக்குக் கொண்டுவருதல் ஆகும். 1869 இற் பேரரசர் தோக்கியோவுக்குப் பெயர்ந்தபின் கியோத்தோ பொலிவிழந்திருந்தது. மக்கள் தொகை குறைந்தது, கைத்தொழில்கள் நலிந்தன. ஏரிநீரைக் கொணர்ந்தால் நெசவாலைகளை இயக்கலாம், படகிற் பண்டம் ஏற்றலாம், வயல்களுக்குப் பாய்ச்சலாம் என்பது ஆளுநர் கித்தகாக்கி குனிமிச்சியின் எண்ணம். மாணவரோ அதே நிலத்தில் தனியே நடந்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். வேலையின்போது வலக்கை காயமுற்றமையால், வரைபடங்களையும் ஆய்வுரையையும் இடக்கையாலேயே முடித்தார் எனக் கூறப்படுகின்றது.

ஆளுநர் தகுந்த பொறியியலாளரைத் தேடியபோது, கல்லூரி முதல்வராயிருந்த ஓத்தோரி கெய்சுகே தனபேயின் பெயரைக் கூறினார். 1883 இற் பட்டம் பெற்ற இருபத்தொரு வயதினர் அவ்வாண்டிலேயே கியோத்தோ மாகாண நிருவாகத்திற் பதவியேற்றார். ஒல்லாந்தப் பொறியியலாளரான டெ ரைக்கே இத்திட்டத்தைக் குறித்துப் பாதகமான கருத்தே தெரிவித்தார். எனினும் 1885 இல் வேலை தொடங்கிற்று. அந்நியப் பொறியியலாளர் எவரையும் நியமியாது யப்பானியர் மேற்கொண்ட முதற் பெருந் திட்டம் இதுவெனலாம். இளைஞர் ஒருவரின் தனித்த சாதனையாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. நுட்பமான நிலஅளவையைச் செய்தவர் சிமதா தோசெய் என்னும் அனுபவமிக்க அளவையாளர். அவ்வளவு நீளமான சுரங்கவழி இரு முனைகளிலிருந்தும் பிழையின்றிச் சந்தித்தமை அவரது திறமையால்.

முதற் சுரங்கவழி 2,436 மீற்றர் நீளமுடையது. அக்கால யப்பானில் அதனினும் நீண்டது வேறில்லை. இரு முனைகளிலும் தோண்டுவதோடு, மலையின் மேலிருந்து செங்குத்தான குழியொன்றை இறக்கி அதன் அடியிலிருந்தும் இருபுறமும் தோண்டினர். பெரும்பாலும் மனிதக் கையே கருவி. செங்கல் போதாமையால் வேலைத்தலத்துக்கு அருகே சூளை அமைத்துக்கொண்டனர். பயிற்சி பெற்ற உதவியாளர் இல்லாமையால், தனபே பகலில் வேலையை மேற்பார்வை செய்து இரவில் அவர்களுக்கு வகுப்பெடுத்தார் என்பர். கல்லூரி தமக்குச் செய்ததை அவர் வேலைத்தலத்திலேயே பிறருக்குச் செய்தார்.

தொடக்கத்தில் 600,000 யென் என மதிப்பிடப்பட்ட செலவு ஏறக்குறைய 1,250,000 யென்னாக உயர்ந்தது. நகரத்தார்மீது தனிவரி விதிக்கப்பட்டது, முணுமுணுப்பும் எழுந்தது. 1888 இல் தனபே நீராற்றலைப் பயன்படுத்தும் முறைகளை ஆராய அமெரிக்கா சென்றார். நீர்ச்சில்லுகளைப் பார்க்கப் புறப்பட்டவர், கொலராடோவின் ஆஸ்பன் நகரில் நீரால் மின்சாரம் உற்பத்தி செய்யப்படுவதைக் கண்டார். திரும்பி வந்து திட்டத்தையே மாற்றினார். கால்வாய் 1890 இல் நிறைவுற்றது. 1891 இற் கெயாகே மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1895 இற் கியோத்தோவில் யப்பானின் முதல் மின்சார திராம் வண்டி ஓடிற்று. கல்லூரியில் அவருக்கு எவரும் நீர்மின் உற்பத்தியைக் கற்பிக்கவில்லை. அவர் பட்டம் பெற்ற ஆண்டில் அது உலகிலேயே அரும்பு நிலையில் இருந்தது. நண்பரின் நேர்முகத் தேர்வை எண்ணும்போதெல்லாம் இச்செய்தியே என் நினைவுக்கு வருகின்றது.

1894 இல் இலண்டன் குடிசார் பொறியியலாளர் நிறுவகம் தனபேக்குத் தெல்போர்டுப் பதக்கம் அளித்தது. அவர் ஹொக்கைதோவிற் புகையிரதப் பாதை அமைத்து, 1900 இற் கியோத்தோப் பேரரசுப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1902 இற் கெயாகேயில் அவர் ஒரு நினைவுக்கல் நாட்டினார். கால்வாய் வேலையில் உயிரிழந்த 17 பேருக்குரியது அது. அதற்கான செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே கொடுத்தார். கால்வாயின் நீரைக் கியோத்தோ மக்கள் இன்றும் பருகுகின்றனர்.