அரைக் கிலோ துப்பாக்கியும் ஐந்து கிலோ இழுப்பும்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றால் பல்லாவரத்துப் பல்லவர் குடைவரையைப் பற்றியோ, பரங்கிமலைத் தேவாலயத்தைப் பற்றியோ எழுதுவதுதான் வழக்கம். அவை பற்றி நம்மவர்கள் பலர் நன்றாகவே எழுதிவிட்டார்கள். ஆகவே, கையடக்கமான ஒரு சின்னப் பொருளின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் ரிவால்வரின் டிரிகர்.

'தாம்பரத்துக்கும் டிரிகருக்கும் என்ன சம்பந்தம்?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் பகுதிக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவு மிகவும் பழையது. 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர், ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில்தான். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. கம்பெனி காலத்தில் பரங்கிமலை பீரங்கிப் படையின் இருப்பிடமாக இருந்தது. 1963-இல் அங்கே ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி வந்தது. தாம்பரத்தில் விமானப்படை நிலையம் இருக்கிறது. நம்மில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் .22 ரைபிளைத் தோளில் வைத்துச் சுட்டவர்கள். "டிரிகரை வெடுக்குனு இழுக்காதே, மெதுவா அழுத்து" என்ற அதட்டல் இன்னும் பலர் காதில் ஒலிக்கும்.

ஆனால் ரிவால்வர் என்ற சொல் நம் பகுதியில் வீட்டுக்கு வீடு புழங்கியது 1967-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதிக்குப் பிறகுதான். அன்று மாலை ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். குண்டு காதருகே பாய்ந்து கழுத்தில் தங்கியது. எம்.ஆர். ராதாவின் உடலிலும் குண்டுக் காயங்கள். இருவரும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் எம்.ஜி.ஆர். கழுத்துக் கட்டுடன் இருந்த படமே சுவரொட்டியாயிற்று. பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் நடந்தது. அறைக்குள் இரண்டு பேருக்கும் காயம். அப்படியானால் டிரிகரை இழுத்தது யார்? கோர்ட்டின் பெரிய கேள்வியே அதுதான். ராதாதான் எம்.ஜி.ஆரையும் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று நீதிபதி முடிவு செய்து, 1967 நவம்பரில் ஏழாண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, ராதா 1971-இல் விடுதலையானார்.

யார் இழுத்தது என்பது சட்டத்தின் கேள்வி. இழுப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது இயந்திரத்தின் கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

ரிவால்வர் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டாக்கள் இருக்கும் உருளைக்குச் சிலிண்டர் என்று பெயர். பின்னால் இருந்து தோட்டாவை அடிக்கும் சுத்தியல் ஹாமர். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் செய்த ரிவால்வரில் ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால் ஹாமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். டிரிகருக்கு அதை விடுவிக்கிற வேலை மட்டும்தான். அதனால் இழுப்பு லேசு. இதற்கு 'சிங்கிள் ஆக்‌ஷன்' என்று பெயர். 1851-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ் வேறு வழி பிடித்தார். அவருடைய ரிவால்வரில் டிரிகரை ஒரே இழுப்பு இழுத்தால் சிலிண்டர் சுழலும், ஹாமர் எழும்பும், விழுந்து அடிக்கும். மூன்று வேலையையும் ஒற்றை விரல் செய்ய வேண்டும். கைகலப்பில் வேகம் கிடைத்தது. ஆனால் இழுப்பு கனமாகி, குறி தவறியது. 1856-இல் போமான்ட் என்ற ராணுவப் பொறியாளர் இரண்டு முறையையும் ஒரே துப்பாக்கியில் சேர்த்தார். 'டபுள் ஆக்‌ஷன்' ரிவால்வர் என்று இன்று நாம் சொல்வது இந்தக் கலப்பின் வாரிசுதான்.

அடுத்த கட்டம் சட்டைப்பைத் துப்பாக்கி. 1887-இல் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி ஹாமரையே உள்ளே மறைத்து ஒரு சிறிய ரிவால்வரைக் கொண்டு வந்தது. பிடியை இறுகப் பிடித்து, கனமான டிரிகரையும் இழுத்தால்தான் வெடிக்கும். குழந்தையின் பிஞ்சு விரலுக்கு அது அசையாது என்பதுதான் அந்த அமைப்பின் பெருமை. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ரைபிளிலும் பிஸ்டலிலும் இருக்கிற 'சேஃப்டி' பித்தான் ரிவால்வரில் பொதுவாக இல்லை. நீளமான, கனமான அந்த இழுப்புதான் அதன் சேஃப்டி. வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் இதே சிக்கல் வந்தது. முதல் உலகப் போரில் பயன்பட்ட .455 வெப்லி ரிவால்வர் கனமானது, உதையும் அதிகம். அதற்குப் பதிலாக 1932-இல் .38 அளவில் என்ஃபீல்டு ரிவால்வர் வந்தது. டாங்கிப் படையினர் குறுகிய வாசல் வழியே ஏறி இறங்கும்போது ஹாமரின் நுனி எதிலாவது மாட்டிக்கொண்டது. 1938-இல் அந்த நுனியை எடுத்துவிட்டார்கள். அப்படியானால் இனி எப்போதும் டபுள் ஆக்‌ஷன் மட்டும்தான். எனவே ஸ்பிரிங்கைச் சற்று இளக்கி, 13 முதல் 15 பவுண்டாக இருந்த இழுப்பை 11 முதல் 13 பவுண்டாகக் குறைத்தார்கள். நம் கணக்கில் சுமார் ஆறரைக் கிலோவிலிருந்து ஐந்தரைக் கிலோ. ஒரு பேரரசின் ராணுவம் எவ்வளவோ யோசித்துக் குறைத்தது ஒரு கிலோதான்!

ஏன் அதற்கு மேல் குறைக்கவில்லை? ஸ்பிரிங் ரொம்ப இளகினால் ஹாமரின் அடி பலவீனமாகும். தோட்டாவின் அடியில் உள்ள வெடிமருந்துக் குப்பி பற்றாது. 'டக்' என்ற சத்தம் மட்டும் வரும். உயிர் போகிற நேரத்தில் அந்த 'டக்'கினால் என்ன பயன்? டிரிகரைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங்கை இளக்கினாலோ, சுட்ட பிறகு டிரிகர் பழைய இடத்துக்கு வராமல் நின்றுவிடும். சிங்கிள் ஆக்‌ஷனில் ஹாமரைப் பிடித்து நிறுத்தும் சிறு விளிம்பை அரத்தால் ராவிவிட்டாலோ ஆபத்து அதற்கும் மேலே. துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடித்துவிடலாம்.

சிறிய ரிவால்வரில் வேறொரு தொல்லையும் உண்டு. 1950-இல் வந்த, ஐந்து தோட்டா கொள்ளும் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' ஏறக்குறைய அரைக் கிலோ எடை. நம் நாட்டில் 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று வெளியிட்ட .32 'நிர்பீக்' ரிவால்வரும் அரைக் கிலோதான். அரைக் கிலோப் பொருளைப் பிடித்துக்கொண்டு ஐந்து கிலோ விசையில் இழுத்தால் முனை ஆடாமல் என்ன செய்யும்? அதனால்தான் சின்ன ரிவால்வரின் டிரிகரைத் திருத்துவது உலகம் முழுவதும் தனிக் கலையாகவே வளர்ந்தது.

இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் இழுப்பின் எடையை விட்டுவிட்டு உராய்வைக் குறைத்தார்கள். உள்ளே ஒன்றோடொன்று உரசும் பரப்புகளை, கோணம் மாறாமல் மெருகேற்றுவார்கள். எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் இழுப்பு கரகரவென்று தடுமாறாமல் ஒரே சீராக வரும். அப்படி வந்தாலே விரலுக்கு எடை குறைந்தது போலத் தெரியும். 2009-இல் ரூகர் கம்பெனி தன் எல்.சி.ஆர். ரிவால்வரில் இதை வடிவமைப்பிலேயே செய்தது. உள்ளே ஒரு 'கேம்' வைத்து, இழுப்பின் நடுவில் ஏற்படும் உராய்வு உச்சத்தைத் தணித்தார்கள். கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு இது புரியும். தண்ணீரின் எடை மாறாது. ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டால் கை வலி குறையும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் துறைகள் லேசான இழுப்பே வேண்டாமென்று தங்கள் ரிவால்வர்களை டபுள் ஆக்‌ஷன் மட்டும் இயங்கும்படி மாற்றிக்கொண்டன. ஹாமரை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஆளை மிரட்டும்போது, விரல் லேசாகத் துடித்தாலே குண்டு பாய்ந்துவிடும் என்பது அனுபவம் கற்றுத் தந்த பாடம்.

நம் ஊர்க் கோர்ட்டுகளிலும் கேட்கிற வாக்குமூலம்தான் இது: "நான் சுடலை சார், தானா வெடிச்சிடுச்சு!" உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். தடய அறிவியல் கூடத்தில் அந்த டிரிகரில் எடையைத் தொங்கவிட்டு அளப்பார்கள். ஐந்து கிலோ இழுப்பு கொண்ட நல்ல ரிவால்வர் தானாக வெடித்தது என்றால் நம்புவது கடினம். யாரோ அரம் போட்டு ராவிய ரிவால்வர் என்றால் கதையே வேறு. 1849-இலேயே ரசாயனப் பரிசோதகர் துறை தொடங்கப்பட்ட நகரம் நம் சென்னை. ஒரு மனிதன் குற்றவாளியா, துரதிர்ஷ்டசாலியா என்பது அங்கே சில கிராம் கணக்கில் நின்றுவிடும்.

அதனால்தான் சட்டமும் கண்டிப்பாக இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ, மாற்றி அமைக்கவோ அதற்கென்று உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறினால் குறைந்தபட்சமே ஏழாண்டுச் சிறை. நம் நண்பர்களில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சிலராவது இருப்பார்கள். இழுப்பு கனமாயிருக்கிறது என்று லேத் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்குப் போங்கள்; அவரிடமும் "லேசாக்குங்க" என்று சொல்லாமல், "சீராக்குங்க" என்று சொல்லுங்கள்.

பல்லாவரத்துக் கல்லாயுதத்துக்கு டிரிகர் கிடையாது. எறிய நினைத்தவன் கையைத் தூக்கி ஓங்க வேண்டும். அதற்குள் மனசு மாறவும் வாய்ப்புண்டு. அந்த ஓங்கலின் மிச்சம்தான் ரிவால்வரில் உள்ள ஐந்து கிலோ இழுப்பு. அது இருந்துவிட்டுப் போகட்டும்.