அநாதைச் சீட்டுகள்

உசிலம்பட்டியிலிருந்து வடமேற்கே போனால் வைகைக் கரைப் பக்கம் புலிமான்கோம்பை என்று ஒரு சின்ன ஊர். தேனி மாவட்டத்தில் சேர்ந்தது. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தது. மூன்றிலும் தமிழ் பிராமி எழுத்து. ஒன்றில், தீயன் அந்தவன் என்பவனின் பெயர். கூடல்ஊர் 'ஆகோளில்' இறந்தவன் அவன்.

ஆகோள் என்றால், எதிரியின் மாடுகளைக் கவர்ந்து வருவது. தொல்காப்பியத்தில், வெட்சித் திணையில் இருக்கிற சொல். உரையாசிரியர்கள் விளக்கம் எழுதினார்கள், புலவர்கள் பாடம் நடத்தினார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அந்தச் சொல்லைச் சுமந்த கல்லோ வைகைக் கரை மண்ணில் சும்மா கிடந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்ளாத இரண்டு குறிப்புகள்!

இது போல மதுரைப் பக்கம் இன்னொரு கதை உண்டு. மேலூர் வட்டாரத்து மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை ராபர்ட் சிவெல் 1882-லேயே பார்த்துவிட்டார். 1906-ல் வெங்கையா மறுபடி கண்டுபிடித்தார். எழுத்து பிராமி, மொழி பாலியாக இருக்கலாம் என்று நினைத்தார். 'இல்லை, இது தமிழ்' என்று 1924-ல் சொன்னவர் கே.வி.சுப்பிரமணிய ஐயர். ஆனாலும் முழு விஷயம் பிடிபடவில்லை. 1965-ல் ஐராவதம் மகாதேவன் உட்கார்ந்து படித்தபோதுதான் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வெளியே வந்தது. சங்கப் பாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். எண்பத்துமூன்று வருஷமாக ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே பாறையில்!

சிவெல் குறிப்பு எழுதாமல் இல்லை. வெங்கையாவும் எழுதினார். குறிப்பு இருந்தது, கொக்கி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மகாதேவன் கொக்கி போடுவதில் கெட்டிக்காரர். 1977-ல் வந்த அவருடைய சிந்து எழுத்துத் தொகுப்பைப் புரட்டினால் தெரியும். ஒவ்வொரு குறியும் எந்த முத்திரையில், எந்தக் குறிக்குப் பக்கத்தில் வருகிறது என்று பட்டியல் போட்டுவைத்தார். எந்தக் குறி தனியாக நிற்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஜெர்மனியில் நிக்லாஸ் லூமன் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர் இருந்தார். 1998-ல் காலமானார். சுமார் 90,000 சீட்டுகளை மரப்பெட்டிகளில் சேர்த்துவைத்தவர். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நம்பர். புதுச் சீட்டு எழுதினால், பழைய சீட்டு எதையாவது நம்பர் போட்டுக் காட்ட வேண்டும். எந்தச் சீட்டும் கைகாட்டாத சீட்டு பெட்டிக்குள்ளேயே தொலைந்து போகும் என்பது அவர் கணக்கு.

என்னிடமும் அப்படித் தொலைந்தது ஒன்று. பழைய நோட்டில் 'விக்கிரமங்கலம், உண்டாங்கல், கற்படுக்கை, தமிழ் பிராமி' என்று ஒற்றை வரி. உசிலம்பட்டி வட்டாரத்து ஊர்தான். வேறொரு நோட்டில் புலிமான்கோம்பை. மூன்றாவது நோட்டில், மதுரையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாகச் சேரநாட்டுக்குப் போன வணிகப் பாதை. மூன்றும் என் கையெழுத்துதான். ஆனால் ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. ஒருநாள் வரைபடத்தை விரித்து மூன்றையும் குறித்தேன். மேற்கே போகிற அந்தப் பாதையையொட்டியே இரண்டு ஊர்களும் கிடந்தன! 'எத்தனை வருஷம் வீணாப்போச்சு' என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எல்லாக் குறிப்புக்கும் நம்பர் போட்டு, ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு குறிப்பாகப் படித்து, அது எந்த நம்பரைக் காட்டுகிறதோ அந்த நம்பருக்கு எதிரே ஒரு டிக். முடிவில் டிக் விழாத நம்பர்கள் மிஞ்சும். அவைதான் அநாதைச் சீட்டுகள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நாலே கேள்வி: எந்த ஊர்? யார்? எந்தக் காலம்? இதில் வருகிற சொல் வேறெங்கே வருகிறது? நாலில் ஒன்றுக்காவது பதில் கிடைத்தால் கொக்கி விழுந்துவிடும். டிக் போடும் வேலையைக் கம்ப்யூட்டர் இப்போது ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. கேள்வி கேட்பது மட்டும் நம் வேலை.

சில வீடுகளில் தாத்தாவின் டைரி இருக்கும், பழைய பத்திரம் இருக்கும். 1920-ல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பற்றிப் பாட்டி சொன்னதை யாராவது ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவர் இருக்கிறவரை அது எதோடு சேரும் என்று அவருக்குத் தெரியும். அவர் போய்விட்டால் அது வெறும் காகிதம், எடைக்குப் போய்விடும். கல் இரண்டாயிரம் வருஷம் காத்திருக்கும்.

காகிதம் காத்திருக்காது.