உளவள ஆலோசகர் பயிற்சி (பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதி)

முதுகலை மாணவரை உளவள ஆலோசகராக்கும் கல்வி. வாளையாறு எல்லைக்குக் கிழக்கே, கோவை எட்டிமடையில் உள்ள தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அமிர்தாவிலும், இடுக்கி மாவட்டம் குட்டிக்கானம் மரியன் கல்லூரியிலும் அதற்கு வழியாகும் முதுகலைச் சமூகப்பணிப் படிப்பு உண்டு.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்திய பரிவோடு கேட்டலே இப்பயிற்சியின் அடித்தளம். சக மாணவரோடு நடித்துப் பழகுதல், களப்பணி, மூத்தவரின் மேற்பார்வை எனப் படிப்படியாக அது வளரும். மேற்பார்வையே இதன் உயிர். அதைக் குறைத்தால் பட்டம் மிஞ்சும், ஆலோசகர் மிஞ்சமாட்டார்.

இந்த எல்லைப்பகுதியில் மொழியும் பாடமாக வேண்டும். பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம் வட்டங்களில் தமிழர் மிகுதி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன் தாய்மொழியில்தான் அழுவாள். அவள் எதிரே அமர்பவருக்கு மலையாளம் மட்டும் போதாது.

இத்தொழிலுக்குச் சட்டமும் உண்டு: 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை, சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம் நடத்தைநல ஆலோசகர்களையும் மனநலச் சமூகப் பணியாளர்களையும் தன் வரம்புக்குள் சேர்த்துள்ளது.