மன்னார் முத்துச் சலாபமும் குளியாளின் பங்கும்

அரிப்புக் கடற்கரையில் ஒரு பழைய கட்டடம் இடிந்து கிடக்கிறது. சனங்கள் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். உண்மையில் அது கோட்டையல்ல. ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துச் சலாபத்தைப் பார்வையிட வரும்போது தங்குவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை. சலாபத்தைப் பார்க்க வந்தவரின் வீட்டில் சில சுவர்களாவது மிச்சமிருக்கின்றன. கடலுக்குள் இறங்கியவர்கள் இருந்தது ஓலைக் கொட்டில்களில். அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துக்களைக் கண்டதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். கீழக்கரை, காயல்பட்டினத்து மரைக்காயர்களின் முத்து வியாபாரத்தையும் பெருமையாகப் பேசுகிறோம். இவையெல்லாம் வியாபாரியின் சரித்திரம். கூலியாளின் சரித்திரத்தை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

சலாபம் பெரும்பாலும் மாசி, பங்குனிக் காலத்தில் நடக்கும். அரிப்பு, சிலாவத்துறை, பிற்காலத்தில் மறிச்சுக்கட்டி என்று ஆளில்லாக் கரைகளில் சில கிழமைகளுக்குள் ஒரு பட்டணமே எழும்பிவிடும். கடைத்தெரு, பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி எல்லாம் வரும். குளியாட்களில் தூத்துக்குடிப் பரவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அறபிகள் எல்லோரும் இருந்தார்கள். 1905இல் நடந்த சலாபத்தில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபா.

இங்கே நாட்கூலி கிடையாது, பங்குதான். பின்னேரம் தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளைக் 'கொட்டு' எனப்படும் வேலியடைத்த இடத்துக்குள் சுமந்து போவார்கள். அங்கே குளியாட்களே அவற்றை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். எந்தக் குவியல் அவர்களுக்கு என்பதை அதிகாரி பிறகுதான் காட்டுவார். மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கு. தனக்கு எது விழும் என்று தெரியாதபடியால் எவரும் ஒன்றைப் பெருப்பித்து மற்றதைச் சிறுப்பிக்க மாட்டார். அதோடு, பங்கு அன்றைக்கே கைக்கு வந்துவிடும். வெளியே வந்த உடனே அதை விற்கலாம். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இதன் அருமை விளங்கும். வளைகுடாவில் நிலைமை வேறு. அங்கே நாகுதாவிடம் முற்பணம் வாங்கிய குளியாளின் கடன், வாப்பா மௌத்தானாலும் மகனின் தலையில் விழும்.

ஆனால் மூன்றில் ஒன்று என்பது முழுவதும் குளியாளுக்கல்ல. கயிறு பிடித்தவருக்கும் தோணிக்காரருக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கொட்டுக்குள் மரியாதையும் குறைவு. 1906இல் மறிச்சுக்கட்டியில் கடமை பார்த்த இளம் உத்தியோகத்தர் லெனாட் வூல்ஃப், அறபிகளை ஊன்றுகோலால் அடித்து வேலை வாங்கியதைத் தன் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்குக் கடிதத்திலேயே எழுதினார். பங்கு பிரித்ததில் இருந்த நியாயம் ஆளை நடத்தியதில் இருக்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி உயிரைப் பற்றியது. கல்லைக் கட்டிய கயிற்றில் காலை வைத்து, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். ஒரு நிமிடம் அளவில் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவார்கள். கயிற்றை அசைத்ததும் மேலே நிற்பவர் இழுக்க வேண்டும். அவர் கொஞ்சம் பிந்தினால் ஆள் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இறங்குவார்கள் என்றும், மேலே வரும்போது சிலருக்கு வாய், மூக்கு, காதால் இரத்தம் வரும் என்றும் 1803இல் வெளியான நூலில் றொபர்ட் பேர்சிவல் எழுதியிருக்கிறார்.

இதற்கு இருந்த பாதுகாப்பு என்ன? சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டி என்ற மந்திரக்காரர். மார்க்கோ போலோ காலத்திலேயே இவருக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். குளியாட்கள் எந்த மதமானாலும், பயம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தப் பயத்தைத் தணிக்க ஆள் இருந்தது. ஆனால் மௌத்தானவரின் பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. வூல்ஃப் 1921இல் வெளியிட்ட 'பேர்ல்ஸ் அண்ட் ஸ்வைன்' என்ற சிறுகதையில் ஓர் அறபிக் குளியாளின் மையித்து கரைக்கு வருகிறது. தன் கதையில் அவருக்கு இடம் கொடுத்தவர், கொட்டில் கோலோடு நின்ற அதே உத்தியோகத்தர்.

1906இல் முத்துப் பார்கள் வருடம் 310,000 ரூபாவுக்கு, 20 வருடக் குத்தகையாக ஒரு கம்பனிக்குப் போயின. அடுத்த வருடத்தோடு விளைச்சல் நின்றது. வேலை செய்யும்போது காயப்பட்டாலோ இறந்தாலோ முதலாளி பணம் கொடுக்க வேண்டும் என்ற வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இலங்கைக்கு வந்தது 1934இல்தான். அதற்குள் மறிச்சுக்கட்டிக் கொட்டில்களை மணல் மூடிவிட்டது.

விசயம் அதோடு முடியவில்லை. அதே கடலில் இன்று நம்மட பொடியன்மார் சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிறார்கள். அளவுக்கு மிஞ்சி ஆழத்தில் நின்று, அவசரமாக மேலே வந்து, கைகால் விளங்காமல் போனவர்கள் உண்டு. இவர்களிலும் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, பிடித்ததற்கேற்ற பங்குதான். பங்குக்கு இறங்கியவர் படுக்கையில் விழுந்தால், முதலாளி யார் என்று காட்டுவதே கஷ்டம்.

முசலியிலும் கற்பிட்டியிலும் குளியாட்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். முத்து வியாபாரிகளின் வம்சாவளியைத் தேடுவது போல இவர்களிடமும் போய்க் கேட்டு எழுத வேண்டும். யார் கயிறு பிடித்தது, யார் மேலே வரவில்லை, அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதெல்லாம் நம்மட சரித்திரந்தான்.